லாரி பேக்கிரவுண்டு இல்லைங்க

அன்று சங்ககிரிப் பட்டறையில் இருந்தவர்கள்: லாரிகளுக்குப் பாடி கட்டும் செங்கோடண்ணன், கட்டி முடித்த புது லாரியை எடுத்துப் போக வந்திருந்த பழனியப்பன், அவருடைய மனைவி ருக்மணி அக்கா, காமிராவோடு நான். இருந்திருக்க வேண்டியவன் என் கூட்டாளி கதிரேசன். ஆனால் இளம்பிள்ளையில் அவன் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த மாட்டார்கள் என்பதால் அவனை இழுத்துக்கொண்டு வர வழியில்லை.

நானும் கதிரேசனும் புதுச்சத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். பாஸ்போர்ட் போட்டோ, காதுகுத்து, சீர், வீடு குடிபுகுதல், இளம்பிள்ளைக் கடைகளுக்குப் புடவைப் படம் என்று எது வந்தாலும் எடுப்போம். ஆனால் கடை வாடகை வருவது செங்கோடண்ணனின் பட்டறையிலிருந்துதான். அவரிடம் லாரி டெலிவரி என்றால் பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சாவி கை மாறிய பிறகு, வாங்கியவர் குடும்பத்தோடு வண்டி முன்னால் நிற்பார். அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, ஃபிரேம் போட்டு, பட்டறை சார்பில் பரிசாகக் கொடுப்பது செங்கோடண்ணனின் வழக்கம். எங்கள் பக்கத்து வீடுகளில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இந்தப் படமும் தொங்கும். சில வீடுகளில் கல்யாணப் படத்துக்கு மேலேயே தொங்கும்.

புதிதாகக் காமிரா வாங்குகிற தம்பிகள் எங்கள் கடைக்கு வந்து கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, தினமும் மாட்டிக்கிட்டுச் சுத்தற மாதிரி, பட்ஜெட்டுக்குள்ள ஒரு லென்ஸ் சொல்லுங்கண்ணா." அவர்களுக்கு நான் லென்ஸ் பெயர் சொல்வதில்லை. பழனியப்பனின் லாரிக் கதையைத்தான் சொல்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலீஷ் படிக்கத் தெரிந்ததால் வந்தது

காமிராவோடு வந்த பழைய லென்ஸ் 18-55. லென்ஸில் இந்த எண் சிறியதாக இருந்தால் அகலமாகப் பிடிக்கும், பெரியதாக இருந்தால் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும். இந்த அளவுக்குத் தெரிந்தால் மீதியைப் படிக்கலாம். பட்டறையில் கிரைண்டர் போட்டால் பறக்கிற இரும்புத் தூள், மரம் அறுக்கிற தூள் எல்லாம் அதற்குள் போயிருந்தது. ஜூமைத் திருப்பினால் நறநறவென்று அரைபடும். ஃபோகஸ் பாதி நேரம் பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடும். வேறு லென்ஸ் வாங்கியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா லோடு ஏற்றுகிறார், அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறார். மிக்ஸி வாங்கினாலும் மோட்டார் வாங்கினாலும் அதோடு வருகிற இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துச் சொல்வது என் வேலை. அதனால் அச்சில் இருப்பதை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்புவேன். லென்ஸுக்காக ஒரு வாரம் ரிவியூக்களைப் படித்தேன். எல்லோரும் ஒரே குரலில் சொன்னது இது: கையில் காசு குறைவாக இருந்தால் 50 எம்.எம். 1.8 வாங்கு, அந்த விலைக்கு அதைப்போல் எதுவும் இல்லை, ஆள் கூர்மையாக வரும், பேக்கிரவுண்ட் வெண்ணெய் மாதிரி கரையும்.

எழுதியவர்கள் எடுத்திருந்த படங்களைப் பார்த்தேன். காபிக் கோப்பை, பூனை, குடை பிடித்த பெண். அவர்களில் ஒருவர்கூட லாரி எடுத்திருக்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கதிரேசனுக்குப் பாதி மனசுதான். "ஜூம் இல்லாத லென்ஸ வெச்சுக்கிட்டு என்னடா பண்றது?"

"நாம முன்னாடி பின்னாடி நடந்தா அதான்டா ஜூம். எழுதியிருக்கறான்."

"எழுதுனவன் நம்ம பட்டறைக்கு வந்து நடந்து பாத்தானா?"

செகண்ட் ஹேண்டில் ஆறாயிரத்துக்கு வாங்கினோம். அம்மா அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, ஒரு கண்ணாடிக்கா ஆறாயிரம்?"

"இது மூக்குக் கண்ணாடி இல்லம்மா."

"மூக்குக்கே ஆவாததுக்கா இத்தன காசு?"

எது பேக்கிரவுண்டு?

அந்த லென்ஸோடுதான் நான் தனியாகப் பட்டறைக்குப் போனேன். பழனியப்பனின் லாரி நடுவில் நின்றது. வலப்பக்கம் இன்னொரு வண்டி, இடப்பக்கம் வெல்டிங் ஷெட், எனக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர். கேபினுக்கு மேலே அவர்கள் மகள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு பக்கமும் மயில் வரைந்திருந்தார்கள். ருக்மணி அக்கா பட்டுப் புடவையில், பழனியப்பன் வெள்ளை வேட்டி சட்டையில் வண்டி முன்னால் வந்து நின்றார்கள்.

நான் பின்னால் நடந்தேன். முதுகு சுவரில் முட்டியது. அப்போதும் காமிராவில் தெரிந்தது அவர்கள் இருவரும், அவர்களுக்குப் பின்னால் ரேடியேட்டர் கிரில்லும்தான். சரி, ஆள் நன்றாக வரட்டும் என்று லென்ஸின் வாயை முழுதாகத் திறந்து 1.8-லேயே வைத்து எடுத்தேன். திரையில் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. ருக்மணி அக்காவின் மூக்குத்தி மின்னியது. பின்னால் லாரி சிவப்பும் மஞ்சளுமாகக் கரைந்து, தேரோட்டத்தன்று தூரத்தில் தெரிகிற சீரியல் லைட்டு போல் இருந்தது.

பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். பழனியப்பன் காமிராவைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, வண்டி எங்கீங்க?"

"பின்னாடி இருக்குதுங்க. ஆள் எடுப்பாத் தெரியோணும்னு பேக்கிரவுண்ட லேசா ப்ளர் பண்ணியிருக்கறனுங்க."

"எதப் பண்ணியிருக்கறீங்க?"

"பேக்கிரவுண்டுங்க."

அவர் திரும்பி லாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எது பேக்கிரவுண்டு? நாப்பது லட்சம்! காட்ட அடமானம் வெச்சு வாங்கியிருக்கறேன். அது பேக்கிரவுண்டா? என்ற மூஞ்சிய நாப்பது வருசமா ஊரே பாத்துட்டுத்தான் இருக்குது. வண்டியத்தானுங்க பாக்கோணும்!"

செங்கோடண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு அடி இன்னும் பலமாக விழுந்திருந்தது. மயில் வரைந்ததும், ரிவிட் அடித்ததும், பலகை இழைத்ததும் அவருடைய ஆட்கள். அந்தப் படம் பழனியப்பன் வீட்டில் தொங்கினால்தான் அடுத்த லாரிக்காரர் பட்டறை பெயரைக் கேட்பார்.

"என்னப்பா இது? மார்கழிப் பனியில மேச்சேரிச் சந்தைய எடுத்தாப்பல இருக்குது. ரெண்டு மாசம் கட்டுன பாடிய ஒரே அமுக்குல புகையாக்கிப்புட்டியே. போன்ல எடுத்தாக்கூட வண்டி சுத்தமா உளுகுதே. அப்பறம் எதுக்கு உனக்குக் கூலி குடுக்கோணும், சொல்லு?"

அது வெறும் கோபம் இல்லை. அவர் உண்மையாகவே கேட்டார். போனில் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டால், எங்கள் கடையைப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். வண்டி இன்னும் ஆர்.டி.ஓ. பாசிங் போகவில்லை. நம்பர் வந்து, பலகையில் எழுதி, பட்டறைக்கு ஒருமுறை வந்துவிட்டுத்தான் லோடுக்குப் போகும். அன்றைக்கு இன்னொரு தடவை எடுக்கலாம்.

"லோடுக்குப் போயிருச்சுன்னா அது பழைய வண்டிப்பா. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி. அன்னைக்கும் புகை வந்துச்சுன்னா, இனி இக்கட்டால, பட்டறைப் பக்கமே வர வேண்டாம்."

நான் பையை மூடிக்கொண்டிருந்தபோது ருக்மணி அக்கா மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஏங்கண்ணு, அதை அழிச்சுப்போடாத. எனக்கு ஒன்னு பிரிண்டு போட்டுக் குடு."

"அதுல வண்டியே தெரியலீங்களேக்கா?"

"அதனாலதான் நான் தெரியறேன்."

பிரிண்ட் போட்டு மறுநாளே கொடுத்துவிட்டேன். அந்த லென்ஸ் மோசமான லென்ஸ் இல்லை என்பதற்கு ருக்மணி அக்காதான் சாட்சி. எங்கள் வேலைக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

பொன்னுக்கு வீங்கி

காதுகுத்து முடிந்து கதிரேசன் திரும்பி வந்தான். நடந்ததைச் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் வாடகை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான். அன்றிலிருந்து டீக்கடையில் எனக்கு முன்னால் யாராவது வந்து நின்றால், "அண்ணா, சித்தத் தள்ளி நில்லுங்க, பேக்கிரவுண்டு நிக்கறான்" என்பது அவனுக்கு வாடிக்கையாகிவிட்டது.

ஆனால் உருப்படியான யோசனையும் அவனிடமிருந்துதான் வந்தது. "இனி எவன் எழுதுனதையும் படிக்க வேண்டாம். பழைய ஜூம் லென்சு ஃபோகஸ்தானே புடிக்கறதில்ல? அகலம் பாக்கறதுக்கு அது போதும். அதை எடுத்துக்கிட்டுப் பட்டறைக்குப் போலாம்."

செங்கோடண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனோம். பாசிங்குக்கு நாள் கிடைக்காமல் பழனியப்பனின் வண்டி அதே இடத்தில் நின்றது. பழைய லென்ஸின் ஜூம் வளையத்தை 18-இல் வைத்து, நகராமல் இருக்க எலெக்ட்ரிக்கல் டேப் சுற்றினோம். கதிரேசன் பழனியப்பனாக வண்டி முன்னால் போய் நின்றான். பக்கத்தில் ருக்மணி அக்காவுக்குப் பதில் ஒரு ஆயில் டிரம்.

18-இல் எல்லாம் அடங்கியது. அகலம் இருக்கிறதே என்று நான் கிட்டே போய் எடுத்திருந்தேன். படத்தில் கேபின் முன்னால் புடைத்துக்கொண்டும், பாடி பின்னால் சூம்பிப் போயும் இருந்தது.

கதிரேசன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வண்டிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்குதுடா."

வீங்க வைத்தது லென்ஸ் இல்லை, நான் கிட்டே போய் நின்றதுதான். இது அன்றைக்குப் புரிந்தது. டேப்பைப் பிரித்து 35-இல் ஒட்டினோம். மறுபடியும் முதுகு சுவரில் முட்டியது. மகள் பெயரில் பாதி வெட்டுப்பட்டது. 24-இல் ஒட்டினோம். கேட் மூலைக்குப் போய்க் குறுக்காக நின்றேன். வண்டி முழுதாக, நேராக, மயிலோடு உள்ளே வந்தது. கதிரேசனும் டிரம்மும் அளவாக நின்றார்கள். நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

"அப்ப 24 வாங்கலாம்" என்றான் கதிரேசன். "சின்னதா, தோசை மாதிரி தட்டையா ஒன்னு வருது. வெலையும் கம்மி."

"புடவைக்கு?"

கடைக்கு வந்து, புடவை கட்டிய பொம்மையை நிறுத்தி, அதே டேப்போடு எடுத்தோம். முழுப் புடவையும் பெரிதாக வர வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டியிருந்தது. கிட்டே போனால் இடுப்பு பெருத்து, கால் சிறுத்து, கரை வளைந்தது. இளம்பிள்ளைக் கடைக்காரர்கள் கரை கோணலாகத் தெரிந்தால் படத்தைத் திருப்பி அனுப்புவார்கள். புடவைக்கு 50 பக்கம் போனால்தான் நன்றாக இருந்தது. காதுகுத்து, சீர் எல்லாம் இரண்டுக்கும் நடுவில் எங்கெங்கோ விழுந்தது.

இரண்டு லென்ஸ் வாங்க வசதியில்லை. வாங்கினாலும் பட்டறைத் தூளில் கழற்றி மாட்டினால் அடுத்துச் சாவது காமிரா. ஆகவே 18-க்கும் 50-க்கும் நடுவில் எல்லாம் அடங்கிய ஒரே லென்ஸ் வேண்டும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கு வாய் பெரிதாகத் திறக்க வேண்டும். பதினைந்தாயிரத்தைத் தாண்டக் கூடாது. 135 வரை நீள்கிற ஜூமை விலை கேட்டோம். தூரத்தில் இருப்பதை இழுக்கும்; ஆனால் மண்டபத்துக்குள் இருட்டடிக்கும். எங்களுக்குத் தூரத்தில் என்ன இருக்கிறது? எல்லோரும் காமிராவை இடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

சேலத்தில் ஒரு டார்ச் லைட்

சேலத்தில் தனபால் என்று ஒரு கல்யாணப் போட்டோகிராபர் புதிய வகைக் காமிராவுக்கு மாறியிருந்தார். அவருடைய பழைய 17-50, 2.8 லென்ஸ் விலைக்கு இருந்தது. இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது, தம்பிகளே, மனப்பாடமாக இருக்க வேண்டிய விஷயம். முதலில் போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். தூசி நாலு புள்ளி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி, மெல்லிய வேர் மாதிரி ஏதாவது ஓடினால் அது ஃபங்கஸ். சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அடுத்து ஜூமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காதருகே வைத்துத் திருப்புங்கள். பிறகு ஒரு இஞ்ச் டேப்பை மேசையில் நீளமாகப் போட்டு, ஏதாவது ஒரு எண்ணில் ஃபோகஸ் வைத்துச் சாய்வாக எடுங்கள். நீங்கள் வைத்த எண்தான் படத்தில் கூர்மையாக இருக்க வேண்டும்.

தனபால் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க தம்பி."

ஃபங்கஸ் இல்லை. இஞ்ச் டேப்பும் சரியாக வந்தது. ஆனால் ஃபோகஸ் பிடிக்கும்போது கொசு பறப்பதுபோல் ஒரு சத்தம். மேலே சுற்றியிருந்த ரப்பர் வளையம் தளர்ந்து வழுக்கியது. கதிரேசன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"சத்தம் போடுதுங்களேண்ணா."

"போட்டோவுலயா சத்தம் கேக்கப்போவுது?"

"ரப்பரு கழண்டு வருதுங்க."

"கழண்டு வர்றது ரப்பரு. எடுக்கப்போறது கண்ணாடி." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். பதினைந்தில் தொடங்கியவர் பன்னிரண்டரைக்கு இறங்கினார். எங்கள் 50-ஐ ஐந்தாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். கையிலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறு கொடுத்தோம். அவர் கடையிலேயே நானூறு ரூபாய்க்கு முன்பக்கம் போடும் ஃபில்டர் கண்ணாடி ஒன்று வாங்கினோம். இரும்புத் தூள் இனி அதன்மேல்தான் விழ வேண்டும்.

நம்பர் வந்த நாள்

இந்தத் தடவை கதிரேசனும் வந்தான். நாங்கள் போனபோது பெயின்டர் நம்பர் எழுதி முடித்து, பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழனியப்பன் புது வேட்டியில் இருந்தார். ருக்மணி அக்கா வேறொரு பட்டுப் புடவையில். டிரைவர் லோடுக்குக் கிளம்பத் தயாராகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு வாய்ப்பு என்று செங்கோடண்ணன் சொன்னது பேச்சுக்கு இல்லை.

முதலில் கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். செங்கோடண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் நிறுத்தினார். தூசி அடங்கும் வரை நின்றேன். சாக்பீஸ் குறி இருந்த இடத்தில் யாரோ ஜாக்கியை வைத்திருந்தார்கள். அதை நகர்த்திவிட்டு நின்றேன். ஜூம் 24. ஆளும் வண்டியும் ஒன்றாகத் தெளிவாக வர வேண்டும் என்பதால் இந்த முறை லென்ஸின் வாயை 8-க்கு மூடி வைத்தேன். பழனியப்பனின் சட்டைப் பட்டனில் ஃபோகஸ்.

"ஏனுங்கண்ணா, சிரிங்க."

"வண்டி உளுகுதா?"

"உளுகுதுங்க."

"நம்பரு?"

"அதுவும் உளுகுதுங்க."

"மயிலு?"

"ரெண்டு மயிலும் உளுகுதுங்க."

அதற்குப் பிறகுதான் சிரித்தார். மூன்று எடுத்தேன். டிரைவரை இறக்கி, அவரையும் சேர்த்து ஒன்று எடுத்தேன். இடத்தை விட்டு நகராமல் ஜூமைத் திருப்பி, பழனியப்பன் டிரைவருக்குச் சாவி கொடுக்கிற கையைத் தனியாக எடுத்தேன். தனபால் சொன்ன மாதிரி, கொசுச் சத்தம் எதிலும் வரவில்லை.

செங்கோடண்ணன் காமிராவை வாங்கினார். படத்தைப் பெரிதாக்கி எப்படிப் பார்ப்பது என்று கதிரேசன் காட்டிக் கொடுத்தான். அவர் மயிலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அங்கிருந்து ஒவ்வொரு ரிவிட்டாக நகர்ந்துகொண்டே போனார். நடுவில் நின்றார்.

"டேய்!" என்று ஷெட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "மூனாவது பலகையில ஒரு ரிவிட்ட அடிக்காம உட்டுட்டீங்கடா! வெசையா வந்து அடிங்க, வண்டி கெளம்புது!"

பிறகு காமிராவை என் கையில் வைத்தார். "போன்ல பாத்திருந்தா இது தெரிஞ்சிருக்காதுப்பா. வர்ற வெள்ளிக்கெழமை ரெண்டு டெலிவரி இருக்குது. ரெண்டு பேரும் ஒட்டுக்கா வந்துருங்க."

அந்த வெள்ளிக்கிழமை போனோம். இன்றும் போய்க்கொண்டிருக்கிறோம். கடை வாடகை தவறவில்லை.

தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எந்த லென்ஸ் என்று கேட்பதற்கு முன்னால், கையில் இருக்கிற பழைய லென்ஸில் டேப் ஒட்டிக்கொண்டு நீங்கள் வேலை செய்கிற இடத்துக்குப் போங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். காசு கொடுப்பவருக்கு அந்தப் படத்தில் எது முக்கியம் என்று அவர் வாயாலேயே கேளுங்கள். நான் இதையெல்லாம் லென்ஸ் வாங்கிய பிறகு செய்தேன். அதனால் செலவு கொஞ்சம் கூடிவிட்டது. 50-க்குக் கொடுத்த ஆறாயிரம், 17-50-க்குக் கையிலிருந்து போட்ட ஏழாயிரத்து ஐந்நூறு, ஃபில்டர் நானூறு, முதல் தடவை சொதப்பியதற்காகப் பழனியப்பனின் படத்தை எங்கள் செலவில் பிரிண்ட் எடுத்து ஃபிரேம் போட்டுக் கொடுத்தது ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. தினமும் மாட்டிக்கொண்டு சுற்ற ஒரு லென்ஸ், எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது பதினைந்தாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.